லாரி புதுசு, சாஃப்ட்வேர் பழசு: டிரான்ஸ்போர்ட் கம்பெனிகளின் பணம் எங்கே முடங்குகிறது?

லாரியில் ஜி.பி.எஸ். இருக்கு. கண்ணாடியில் ஃபாஸ்டேக் ஒட்டியிருக்கு. டிரைவர் கையில் ஸ்மார்ட்போன் இருக்கு. ஆனால், அந்த லாரியை அனுப்பிய ஆபீஸில் என்ன இருக்கு? பத்து, பதினைந்து வருஷத்துக்கு முன்னாடி வாங்கிப் போட்ட ஒரு சாஃப்ட்வேர். அதுக்குப் பக்கத்தில் ஒரு எக்ஸல் ஷீட். அதுக்கும் பக்கத்தில் ஒரு நீள நோட்டு.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரித் தொழிலை நம்பியிருக்கும் ஊர்களில் இது புதிய காட்சி இல்லை. "இத்தனை வருஷம் இதை வச்சுத்தானே ஓட்டுறோம், இப்ப எதுக்கு மாத்தணும்?" என்பதுதான் உரிமையாளர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி.

நியாயமான கேள்விதான். சாஃப்ட்வேர் இன்னும் ஓடுது. ஆனால், அது எழுதப்பட்டபோது இருந்த வரிச் சட்டமும் டோல்கேட்டும் செக்கிங் முறையும் இப்போது இல்லை. அந்த இடைவெளிக்கான விலையை உரிமையாளர் தினமும் கட்டுகிறார். அது தனிச் செலவாகக் கணக்கில் வராததால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

டிரான்ஸ்போர்ட் சாஃப்ட்வேர் என்ன வேலை செய்கிறது?

ஒரு லோடு பல கட்டங்களைத் தாண்டிப் போகிறது. முதலில் பார்ட்டியிடம் வாடகை பேசி புக்கிங் எடுக்கணும். எந்த லாரி, எந்த டிரைவர் என்று முடிவு செய்யணும். லாரி ரசீது, அதாவது எல்.ஆர். போடணும். இ-வே பில்லில் வண்டி எண்ணைச் சேர்க்கணும். டிரைவருக்கு அட்வான்ஸ், டீசல் கொடுக்கணும்.

லோடு இறங்கியதும், சரக்கைப் பெற்றவர் சீல் வைத்துக் கையெழுத்துப் போட்ட அக்னாலெட்ஜ்மென்ட் காப்பி ஆபீஸுக்குத் திரும்பி வரணும். அதை இணைத்துத்தான் பார்ட்டிக்கு பில் போகும். அதற்குப் பிறகுதான் பேலன்ஸ் வாடகை வரும்.

இந்த எல்லாக் கட்டங்களையும் ஒரே இடத்தில் பதிந்து, ஒன்றோடு ஒன்று இணைப்பதுதான் போக்குவரத்து மேலாண்மை சாஃப்ட்வேரின் வேலை. பழைய சாஃப்ட்வேர்கள் பெரும்பாலும் எல்.ஆர். அச்சடிப்பதற்கும் பில் போடுவதற்கும் மட்டுமே எழுதப்பட்டவை. நடுவில் நடப்பது எல்லாம் போன் கால், வாட்ஸ்அப் மெசேஜ், மேனேஜரின் ஞாபகம் ஆகியவற்றில்தான் ஓடுது.

கடந்த சில வருஷங்களில் என்ன மாறியது?

2017-க்குப் பிறகு லாரித் தொழிலின் விதிகள் அடுத்தடுத்து மாறின. முக்கியமானவை இவை:

* 2017 ஜூலை 1: ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தது.
* 2018 ஏப்ரல் 1: மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் கட்டாயமானது. தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கு அதே வருடம் ஜூன் 2 முதல் வந்தது. இங்கே வரம்பு 1 லட்சம் ரூபாய்.
* 2021 ஜனவரி 1: இ-வே பில்லின் ஆயுள் குறைந்தது. அதுவரை 100 கி.மீ.க்கு ஒரு நாள் என்றிருந்தது, 200 கி.மீ.க்கு ஒரு நாள் ஆனது.
* 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு: தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்களில் ஃபாஸ்டேக் கட்டாயமானது.
* 2023 ஆகஸ்ட் 1: ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயமானது.
* 2025 ஏப்ரல் 1: இ-வே பில் போர்ட்டலில் நுழைய பாஸ்வேர்டுடன் ஓ.டி.பி.யும் வேண்டும் என்ற விதி எல்லோருக்கும் வந்தது.
* 2025 செப்டம்பர் 22: லாரி வாடகையில் டிரான்ஸ்போர்ட் நிறுவனமே ஜி.எஸ்.டி. வசூலித்து, உள்ளீட்டு வரி வரவும் எடுக்கும் முறையில் 12% ஆக இருந்த வரி 18% ஆனது. வரவு எடுக்காதவர்களுக்கு 5% தொடர்கிறது.

இதில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சாஃப்ட்வேரில் ஏதாவது ஒரு இடத்தில் கை வைக்கணும். எழுதிக் கொடுத்தவர் தொடர்ந்து சர்வீஸ் செய்தால் பிரச்சனை இல்லை. அவர் தொழிலை விட்டுவிட்டாலோ, போனையே எடுக்கவில்லை என்றாலோ, "சாஃப்ட்வேர்ல 12 சதவீதம்னுதான் வருது, கையால திருத்திக்கலாம்" என்ற நிலைக்கு ஆபீஸ் வந்துவிடும். கையால் திருத்தும் பில்லில் என்றாவது ஒருநாள் தப்பு வரத்தான் செய்யும்.

இன்னொரு விஷயம். லாரி வாடகைக்கு பில் போடும் சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் லோடு கொடுக்கும் கம்பெனிகளில் பலவும் அதற்குள் வந்துவிட்டன. சிமென்ட் ஆலை, ஸ்டீல் கம்பெனி, நூல் மில் என எல்லா இடத்திலும் இன்வாய்ஸ் போட்ட கையோடு இ-வே பில் விவரமும் டிஜிட்டலாகத் தயாராகிறது. அந்த விவரத்தை டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் ஒருவர் உட்கார்ந்து மறுபடியும் தட்டச்சு செய்கிறார் என்றால், நேரம் அங்கேதான் போகுது. தப்பு நுழைவதும் அங்கேதான்.

ஒரு எழுத்துப் பிழைக்கு என்ன விலை?

இ-வே பில்லில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் சரக்கு விவரம். இரண்டாவது பகுதியில் வண்டி எண். வழியில் லாரி பிரேக்டவுன் ஆகி வேறு வண்டிக்கு லோடு மாறினால், இரண்டாவது பகுதியில் புது வண்டி எண்ணைச் சேர்த்தாகணும்.

வண்டி எண்ணில் ஒன்று, இரண்டு இலக்கம் தப்பாகிவிட்டால் பெரிய சிக்கல் வராது. 2018 செப்டம்பர் 14 அன்று வந்த சுற்றறிக்கைப்படி, இதுபோன்ற சிறு பிழைகளுக்கு மத்திய ஜி.எஸ்.டி.யில் 500, மாநில ஜி.எஸ்.டி.யில் 500 என மொத்தம் 1,000 ரூபாய் அபராதத்தோடு முடிந்துவிடும்.

ஆனால், இ-வே பில்லே இல்லாமல் அல்லது காலாவதியான பில்லுடன் வண்டி மாட்டினால் கதை வேற. ஜி.எஸ்.டி. சட்டம் 129-ஆவது பிரிவின்படி சரக்கையும் லாரியையும் நிறுத்திவைக்கலாம். வரி உள்ள சரக்கை அதன் உரிமையாளர் வந்து மீட்க வேண்டுமானால், வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் கட்டணும். 10 லட்சம் ரூபாய் சரக்கு, 18% வரி என்றால் வரி 1.80 லட்சம், அபராதம் 3.60 லட்சம். லாரியை மட்டும் விடுவிக்க அந்த அபராதத் தொகை அல்லது 1 லட்சம் ரூபாய், இதில் எது குறைவோ அதை டிரான்ஸ்போர்ட்டர் கட்டலாம்.

நாமக்கல்லில் இருந்து 1,300 கி.மீ. தூரத்தில் உள்ள ஊருக்கு ஒரு லோடு போவதாக வைத்துக்கொள்வோம். இ-வே பில்லின் ஆயுள் 7 நாள். வழியில் இரண்டு நாள் மழை, ஒரு நாள் பட்டறை, இறக்குமிடத்தில் இரண்டு நாள் காத்திருப்பு என்றால் 7 நாள் சுலபமாகத் தாண்டிவிடும். காலாவதி ஆவதற்கு முந்தைய 8 மணி நேரம், அதற்குப் பிந்தைய 8 மணி நேரம், இந்த இடைவெளியில் காரணத்தைப் பதிந்து நீட்டித்துக்கொள்ளலாம். சட்டம் வழி கொடுத்திருக்கு. ஆனால் பில் நள்ளிரவு 12 மணிக்கு முடிகிறது என்று ஆபீஸில் யாருக்காவது தெரிந்திருக்கணுமே?

இங்கேதான் பழைய சாஃப்ட்வேருக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும். புதியது, "இன்னிக்கு ராத்திரி காலாவதி ஆகும் இ-வே பில்கள்" என்று மாலையிலேயே பட்டியல் கொடுக்கும். ஜி.பி.எஸ். விவரத்தோடு இணைத்திருந்தால் அந்த லாரி இப்போது எங்கே நிற்கிறது என்பதும் பக்கத்திலேயே தெரியும். பழையதில் அதை யாராவது ஞாபகம் வைத்துக்கொள்ளணும். இருபது லாரி வரைக்கும் ஞாபகம் போதும். அறுபது லாரி ஆகும்போது கைவிட்டுவிடும்.

பணம் முடங்குவது எங்கே?

அபராதம் எப்போதோ ஒருமுறை வருவது. தினமும் நடக்கிற நஷ்டம் வேறு இடத்தில் இருக்கு. அது அக்னாலெட்ஜ்மென்ட் காப்பி.

லோடு இறங்கியாச்சு. டிரைவர் ரிட்டர்ன் லோடு ஏற்றி வேறு ஊருக்குப் போயாச்சு. சீல் வைத்த காப்பி லாரி டேஷ்போர்டில் கிடக்கு. டிரைவர் ஊர் திரும்ப பத்து நாள். அவர் கொடுத்து, ஆபீஸில் பதிந்து, பில் போட இன்னும் ஐந்து நாள். இந்தப் பதினைந்து நாளும் கம்பெனியின் பணம் பார்ட்டியிடமே இருக்கு.

ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம். ஒரு கம்பெனியில் 20 லாரி. ஒரு லாரிக்கு மாதம் 6 டிரிப். சராசரி வாடகை 40,000 ரூபாய். அப்படின்னா மாத வருமானம் 48 லட்சம், ஒரு நாளைக்கு 1.60 லட்சம். பில் போக 15 நாள் தாமதம் என்றால், எந்த நேரத்தில் பார்த்தாலும் 24 லட்சம் ரூபாய் வெளியே நிற்கும். அந்த அளவுக்கு ஓவர் டிராஃப்ட் எடுத்து, ஆண்டுக்கு 12% வட்டி கட்டினால் வருஷத்துக்கு 2.88 லட்சம் வட்டி மட்டுமே போகும்.

டீசலுக்கு இன்றே பணம் கட்டணும். டோல் இன்றே போகும். வண்டித் தவணை தேதி தப்பாமல் போகும். வாடகை மட்டும் பின்னால் வரும். இந்த இடைவெளியைத் தாங்க முடியாமல்தான் சிறு கம்பெனிகள் திணறுகின்றன.

அக்னாலெட்ஜ்மென்ட்டை டிரைவர் இறக்குமிடத்திலேயே போனில் படம் எடுத்து அனுப்பினால், அந்த எல்.ஆருடன் அது சேர்ந்து, மறுநாளே பில் தயாராகும் வசதி இன்றைய சாஃப்ட்வேர்களில் சாதாரணம். சில பார்ட்டிகள் அசல் காப்பிதான் வேண்டும் என்பார்கள். அதற்கும் எந்த அசல் எந்த லாரியில் இருக்கு என்று தெரிந்தால், பாதி வேலை முடிந்த மாதிரி.

உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் அவர்களுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும் என்று எம்.எஸ்.எம்.இ. சட்டம் சொல்கிறது. ஆனால், வேலை எந்தத் தேதியில் முடிந்தது, பில் என்றைக்குப் போனது என்பதற்கு ஆதாரம் கையில் இல்லாதவர் அந்த உரிமையை எப்படிக் கேட்பார்?

டிரைவருக்கு இதில் என்ன இருக்கு?

டிரிப் முடிந்து வரும் டிரைவரின் கணக்கு பார்ப்பது பல ஆபீஸ்களில் அரை நாள் வேலை. அட்வான்ஸ் எவ்வளவு, டீசல் எவ்வளவு, டோல் எவ்வளவு, ஏற்று இறக்குக் கூலி எவ்வளவு என்று துண்டுச் சீட்டுகளை வைத்து வாக்குவாதம் நடக்கும். "அண்ணே, அந்த ஆயிரத்து இருநூறு டயர் பஞ்சருக்கு, நான் போன்ல சொன்னேன்ல" என்பார் டிரைவர். "யார்கிட்டப்பா சொன்ன?" என்பார் மேனேஜர். கடைசியில் அது டிரைவரின் பேட்டாவில் பிடித்தமாகும்.

செலவு செய்த இடத்திலேயே படத்தோடு பதிந்தால் இந்தச் சண்டைக்கு இடமில்லை. ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட்டில் ஒவ்வொரு டோல்கேட்டும் தேதி, நேரத்தோடு இருக்கும். அதை டிரிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி இருந்தால், லாரி போகாத டோல்கேட்டில் பணம் பிடிக்கப்பட்டிருந்தாலும், ஒரே இடத்தில் இரண்டு முறை பிடித்தம் ஆகியிருந்தாலும் உடனே தெரியும். புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

அதேநேரம், டிரைவரை நிமிஷத்துக்கு நிமிஷம் கண்காணிக்கும் கருவியாக மட்டும் சாஃப்ட்வேரைப் பயன்படுத்தினால் அது நிலைக்காது. நல்ல டிரைவர் கிடைப்பதே கஷ்டமாக இருக்கும் தொழில் இது. அவருக்கும் லாபம் தெரிந்தால்தான் படம் எடுத்து அனுப்புவார்.

பழைய கம்ப்யூட்டர், எளிய பாஸ்வேர்டு: என்ன ஆபத்து?

பழைய சாஃப்ட்வேர் பெரும்பாலும் பழைய கம்ப்யூட்டரில்தான் ஓடும். புதிய விண்டோஸில் அது திறக்காது என்பதே பழைய மெஷினை மாற்றாததற்குக் காரணமாக இருக்கும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிந்துவிட்டது. ஆதரவு முடிந்த மெஷினில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாது.

கணக்கு மொத்தமும் ஒரே நாளில் போனால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனில் ஒரு பாடம் இருக்கு. நார்தாம்ப்டன்ஷயரில் 1865-இல் தொடங்கிய லாரி நிறுவனம் நைட்ஸ் ஆஃப் ஓல்ட். கே.என்.பி. குழுமத்தின் கீழ் சுமார் 500 லாரிகளை ஓட்டியது. 2023 ஜூனில் அகிரா என்ற ஹேக்கர் கும்பல் அதன் கம்ப்யூட்டர்களை முடக்கிப் பணம் கேட்டது. ஒரு ஊழியரின் எளிய பாஸ்வேர்டை ஊகித்துத்தான் உள்ளே நுழைந்தார்கள் என்று கருதப்படுகிறது.

முக்கியக் கணக்கு விவரங்கள் கைவிட்டுப் போயின. ஏற்கெனவே நெருக்கடியில் இருந்த நிறுவனத்துக்குப் புது முதலீடும் கிடைக்கவில்லை. அதே வருடம் செப்டம்பரில் கே.என்.பி. திவால் நிர்வாகத்தின் கீழ் போனது. சுமார் 700 பேர் வேலை இழந்தார்கள். 158 வருஷப் பெயர் காப்பாற்றவில்லை.

இத்தனைக்கும் அந்த நிறுவனம் பாதுகாப்பு ஏற்பாடுகளும் சைபர் காப்பீடும் வைத்திருந்தது. அப்படியென்றால், எல்லோருக்கும் தெரிந்த ஒரே பாஸ்வேர்டு, பென் டிரைவில் எப்போதோ எடுத்த பேக்கப் என்று இருக்கும் ஆபீஸ்களின் நிலைமையைச் சொல்லத் தேவையில்லை.

எல்லோரும் மாற்றணுமா?

தேவையில்லை. இரண்டு, மூன்று லாரி வைத்து, உரிமையாளரே ஒரு லாரியை ஓட்டும் இடத்தில் பெரிய சாஃப்ட்வேர் வீண் செலவு. ஒழுங்காக எழுதும் ஒரு நோட்டும், போனில் இ-வே பில் காலாவதி தேதிக்கு ஒரு அலாரமும் போதும்.

ஒன்றுக்கு மேற்பட்ட கிளை, ஒரே லாரியில் பல பார்ட்டி சரக்கு, அட்டாச்டு லாரிகளுக்குத் தனிக் கணக்கு, மாதக் கடன் பார்ட்டிகள் என்று வந்துவிட்டால்தான் பழைய முறை தடுமாறும். அதிலும் பார்சல் சர்வீஸ்களுக்கு, ஒரே லாரியில் போகும் நூறு சரக்கின் இ-வே பில்களைத் தொகுத்து ஒரே ஒருங்கிணைந்த பில்லாக எடுக்கும் வசதி இல்லாமல் வேலையே நடக்காது.

மாற்றும்போது எதைக் கவனிக்கணும்?

சாஃப்ட்வேர் மாற்றியதால் நஷ்டப்பட்டவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவசரம்தான் காரணம்.

* முதலில் ஓட்டையைக் கண்டுபிடிக்கணும். பில் தாமதமா, டீசல் கணக்கா, இ-வே பில்லா? எங்கே பணம் அதிகம் போகுதோ, அந்த வேலையை நன்றாகச் செய்யும் சாஃப்ட்வேரைத்தான் தேடணும். டெமோவில் காட்டும் கலர் கலரான திரையை வைத்து முடிவு செய்யக்கூடாது.
* பட்டியலைச் சுத்தம் செய்யணும். ஒரே பார்ட்டி மூன்று விதமான ஸ்பெல்லிங்கில் இருந்தால் புது சாஃப்ட்வேரிலும் மூன்று பார்ட்டியாகத்தான் வரும். ஜி.எஸ்.டி. எண், வண்டி எண், எஃப்.சி., இன்சூரன்ஸ், பர்மிட் தேதிகளைச் சரிபார்த்த பிறகே ஏற்றணும்.
* ஒரு கிளையில் மட்டும் தொடங்கணும். ஒரு மாதம் பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடட்டும். இரண்டிலும் பாக்கித் தொகை ஒத்துவந்த பிறகு அடுத்த கிளைக்குப் போகலாம். தீபாவளி, பொங்கல் நேர லோடு நெருக்கடியில் இந்த வேலையே வேண்டாம்.
* பழைய கணக்கைத் தூக்கிப் போடக்கூடாது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யக் கடைசித் தேதியில் இருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளைப் பாதுகாக்கணும். பழைய மெஷினைப் பழைய இரும்புக்குப் போடும் முன்பு, விவரங்கள் வேறு இடத்தில் திறந்து படிக்கக்கூடிய வடிவத்தில் இருக்கா என்று ஆடிட்டரை வைத்துப் பார்க்கணும்.
* விவரம் யாருக்குச் சொந்தம் என்று எழுதி வாங்கணும். நாளைக்கு வேறு கம்பெனிக்கு மாறினால் எல்.ஆர்., பில், பாக்கி எல்லாவற்றையும் எக்ஸலில் எடுத்துக் கொடுப்பார்களா? கட்டணம் உண்டா? வாடகை விவரம் வெளியே போகாது என்பதற்கு என்ன உறுதி? கையெழுத்துப் போடும் முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் இவை.
* ஆளுக்கொரு லாகின் வேணும். இ-வே பில் போர்ட்டலில் கிளை ஊழியர்களுக்குத் தனித்தனி துணைப் பயனர் கணக்கு உருவாக்கலாம். ஒரே பாஸ்வேர்டை எல்லோரும் பயன்படுத்துவதையும், உரிமையாளரின் போனுக்கு வரும் ஓ.டி.பி.க்காக ராத்திரி லாரி காத்திருப்பதையும் இது தவிர்க்கும்.
* பேக்கப் தனியாக இருக்கணும். இன்டர்நெட்டோடு இணையாத ஒரு பிரதி எப்போதும் வேண்டும். மாதம் ஒருமுறை அதைத் திறந்து பார்க்கணும். திறக்காத பேக்கப் இருந்தும் இல்லாததுதான்.

தேசிய சரக்குப் போக்குவரத்துக் கொள்கையோடு 2022 செப்டம்பரில் மத்திய அரசு அறிமுகப்படுத்திய யூலிப் தளம், வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமம், ஃபாஸ்டேக் உள்ளிட்ட அரசு விவரங்களைச் சாஃப்ட்வேர்கள் நேரடியாகப் பெற வழி செய்திருக்கு. வாடகைக்கு எடுக்கும் வெளி லாரியின் எஃப்.சி. உயிரோடு இருக்கா, டிரைவரின் லைசென்ஸ் செல்லுமா என்பதை லோடு ஏற்றும் முன்பே பார்க்கலாம். புதிதாக வாங்குபவர்கள், தாங்கள் பார்க்கும் சாஃப்ட்வேர் இதனுடன் இணைகிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மாற்றும் நேரம் வந்துவிட்டதா? எப்படித் தெரிந்துகொள்வது?

இன்று ஆபீஸில் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்த்தால் போதும். போன மாதம் இறங்கிய லோடுகளில் எத்தனைக்கு இன்னும் பில் போகவில்லை? இன்று நள்ளிரவு எந்தெந்த லாரியின் இ-வே பில் முடிகிறது? எந்த லாரி போன மாதம் நஷ்டத்தில் ஓடியது?

மூன்றுக்கும் பத்து நிமிஷத்தில் பதில் வந்தால், சாஃப்ட்வேர் எவ்வளவு பழசாக இருந்தாலும் கவலை இல்லை. "இருங்க சார், கேட்டுச் சொல்றேன்" என்று நாலு பேருக்குப் போன் போக ஆரம்பித்தால், மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.